ஸர்வாங்காசனமும் ஒரு சின்ன மாத்திரையும்

யோகாசனம் பழக ஆரம்பித்து ஆறு மாதம் ஆன மனிதரைக் காட்டிலும் அபாயமான பிராணி உலகத்தில் கிடையாது. ஆறு வருஷம் பழகியவர் பேசாமல் பாயை விரித்துத் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டு போவார். ஆறு நாள் பழகியவரோ உடம்பு வலி தாங்காமல் மூலையில் சுருண்டு கிடப்பார். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்தாம், கண்டவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, "நீர் ஏன் காலை வேளையில் கொஞ்சம் தலைகீழாக நிற்கக் கூடாது?" என்று கேட்பவர். சென்ற வருஷம் நாம் அந்த நிலைமையில் இருந்தோம்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பஜனை மடம் உண்டு. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே ஆசன வகுப்பு நடக்கும். சொல்லிக் கொடுப்பவர் பரம சாது, காசு வாங்குவதில்லை, அறுபது வயதில் மூங்கில் மாதிரி வளைவார். ஒவ்வோர் ஆசனத்துக்கும் அதன் மகிமையையும் சேர்த்துச் சொல்லுவார். சிரசாசனம் செய்தால் மூளைக்கு இரத்தம் வெள்ளமாய்ப் பாயும். இடுப்பை முறுக்கி உட்கார்ந்தால் ஈரத் துணியைப் பிழிவது போலக் கல்லீரலிலுள்ள விஷமெல்லாம் வெளியே வந்துவிடும். பிராணாயாமத்தில் சாதாரணமாக இழுக்கும் பிராண வாயுவைப் போல ஏழெட்டு மடங்கு இரத்தத்தில் கலக்கும். ஸர்வாங்காசனத்தில் மோவாய் கழுத்தை அழுத்துவதால் தைராய்டுச் சுரப்பி சுறுசுறுப்படையும். இவற்றையெல்லாம் நாம் பக்தியோடு கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து, இரண்டு பங்கு விஸ்தாரப்படுத்திச் சொல்லுவோம்.

நம்முடைய தமக்கை அடுத்த தெருவில் இருக்கிறாள். ஐம்பத்தாறு வயது. தைராய்டுச் சுரப்பி வேலை செய்யாத காரணத்தால் பன்னிரண்டு வருஷமாகத் தினம் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை விழுங்கி வந்தாள். அவளையும் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போனோம். ஸர்வாங்காசனத்தின் பெருமையைக் கேட்டதும், "ஏண்டா, அப்படியானால் நான் இந்த மாத்திரை சாப்பிட வேண்டியதில்லையோ?" என்று நம்மைக் கேட்டாள். அவள் கேட்டது ஆசிரியரை அல்ல, நம்மை.

அப்போது நாம் சொன்ன பதில் இன்றைக்கும் நமது காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. "அக்கா, எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் சாறு வராமல் எங்கே போகும்? மோவாய் பிழிகிற பிழியில் உன் சுரப்பி தானே ரசத்தைக் கொடுக்கும்" என்றோம். எலுமிச்சம் பழ உபமானம் நமது சொந்தச் சரக்கு. அதில் நமக்கு மெத்தப் பெருமையுங்கூட.

அக்கா மாத்திரையை நிறுத்தினாள். அத்திம்பேருக்குச் சொல்லவில்லை, வைத்தியக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் பிள்ளைக்கும் எழுதவில்லை. விஷயம் நமக்கும் அவளுக்கும் மாத்திரம் தெரியும். முதல் மூன்று வாரம் அவள் முகத்தில் என்ன தெளிவு! "முன்னைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறதடா" என்றாள். நாம் அதை மடத்தில் எல்லோரிடமும் சொன்னோம். ஆசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வகுப்பில் அக்கா ஓர் அத்தாட்சியாகவே ஆகிவிட்டாள்.

மூன்றாம் மாதத்தில், பங்குனி வெயில் கொளுத்தும்போது, அக்கா போர்வை கேட்டாள். குரல் கம்மிப் போயிற்று. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு இரண்டு தடவை மறந்து போனாள். முப்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் வாசலில் கோலம் போட்டவள், "நாளைக்குப் போட்டுக் கொள்ளலாம்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். நாம் என்ன செய்தோம்? "உடம்பிலுள்ள கழிவுகள் வெளியேறுகிற காலத்தில் கொஞ்சம் அசதி இருக்கத்தான் செய்யும்" என்று அவளுக்குத் தைரியம் சொன்னோம். வாசகர்கள் நம்மை மன்னித்தாலும் மன்னிக்கலாம்; நாம் இன்னும் மன்னித்துக் கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் மருமான் விடுமுறைக்கு வந்தான். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு கோணிப்பை. தாயாரைப் பார்த்தவன் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "அம்மா, மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று கேட்டான். அக்கா பதில் சொல்லாமல் நம்மைப் பார்த்தாள்.

மறுநாள் இரத்தப் பரிசோதனை நடந்தது. 4 அல்லது 5-க்குள் இருக்க வேண்டிய எண் ஒன்று 60-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பழையபடி மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லி, இன்னும் சில மாதம் இப்படியே போயிருந்தால் இருதயத்துக்கே வினையாக முடிந்திருக்கும் என்றார்.

மருமான் நம்மைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருக்கும். அன்றிரவு மாடியில் நமக்கு எதிரே உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"மாமா, எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் சாறு வருவதற்கு ஒரு வழி இருக்கிறது. வாயில் எச்சில் சுரக்கும் சுரப்பிக்கும் குழாய் இருக்கிறது. தைராய்டுக்குக் குழாயே கிடையாது. அதன் ரசம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளுக்குள்ளே ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். சுரப்பியின் உயிரணுக்கள் அதைத் துண்டித்து எடுத்து இரத்தத்தில் விட வேண்டும். அதற்கு உத்தரவு மூளையின் அடியிலே பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து மோவாயால் அழுத்தினாலும் சரி, உலக்கையால் அழுத்தினாலும் சரி, அந்த உத்தரவு வராமல் ஒன்றும் நடக்காது."

60 என்ற எண்ணின் அர்த்தம் அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று. அது பிட்யூட்டரி அனுப்பிய உத்தரவின் அளவு. ரசம் போதவில்லை, போதவில்லை என்று அது தந்திமேல் தந்தியாக அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆனால் வாங்கிப் படிக்க அந்த முகவரியில் ஆள் இல்லை. அக்காவின் தைராய்டை அவள் உடம்பின் காவற் படையே பகையென்று தவறாக எண்ணிப் பல வருஷங்களுக்கு முன்பே அழித்துவிட்டது. நாம் பிழியச் சொன்னது வெறும் தோலை.

"அப்படியானால் முதல் மூன்று வாரம் நன்றாக இருந்தாளே, அது எப்படி?" என்று கேட்டோம். தோற்ற வக்கீலின் கடைசிக் கேள்வி.

"மாத்திரையில் இருக்கும் ரசம் இரத்தத்தில் ஒரு வாரம் சென்றும் பாதி மிச்சம் இருக்கும், மாமா. அது செய்த வேலையின் பலன் அதற்கப்புறமும் சில நாள் உடம்பில் நிற்கும். அம்மா பழைய மாத்திரையின் தயவில் நடமாடினாள். பேர் ஸர்வாங்காசனத்துக்குப் போயிற்று. தவிரவும், விடியற்காலைக் காற்றும், நாலு பேர் பேச்சும், கை காலை நீட்டி மடக்குவதும் யாருக்கும் நல்லதுதானே?"

இதன் பிறகு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு பிழை அகப்பட்டால் மற்றக் கணக்குகளையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுவது மனித சுபாவம். அந்த விடுமுறை முழுவதும் மருமானை விடாமல் கேள்வி கேட்டோம்.

முதலில் சிரசாசனம். இது விஷயத்தில் நமக்குத் தேசாபிமானமும் கலந்திருந்தது; ஜவாஹர்லால் நேரு சிறையில் சிரசாசனம் செய்து வந்ததாகத் தம் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார் அல்லவா? தலைகீழாக நின்றால் மூளைக்கு அதிக இரத்தம் போகத்தானே வேண்டும் என்றோம். போகாது என்றான் மருமான். மூளை உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. இருதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர், அதற்குப் போகிறது. நின்றாலும், படுத்தாலும், தலைகீழானாலும் அந்த அளவு அதிகம் மாறுவதில்லை. அழுத்தம் ஏறினால் மூளையின் இரத்தக் குழாய்கள் தாமே குறுகிக்கொள்கின்றன. இறங்கினால் தாமே விரிகின்றன. மழை பெய்தால் மதகை அடைத்து, காய்ந்தால் திறக்கும் நல்ல நீர்க்கட்டிக்காரனைப் போல. முகம் சிவப்பது வாஸ்தவம். ஆனால் முகம் மூளை அல்ல.

கண்ணுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. சென்னை சங்கர நேத்ராலயாவின் மருத்துவர்கள் சிரசாசனம் பழகிய 75 பேரைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் இரண்டு மடங்காகிறது என்று கண்டார்கள். நிமிர்ந்தால் இறங்கிவிடும். ஆனால் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல. எங்கள் வகுப்பில் அந்த நோய்க்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர் தினமும் சிரசாசனம் செய்து வந்தார். கண் பார்வைக்கு நல்லதென்று!

பிராணாயாமக் கணக்கும் பிசகுதான். சுகமாக உட்கார்ந்திருக்கும் மனிதனின் இரத்தத்தில் பிராண வாயுவைச் சுமக்கும் பொருள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு ஏற்கனவே நிரம்பியிருக்கிறது. வண்டி நிறைய மூட்டை ஏற்றியாகிவிட்ட பிறகு களத்தில் இன்னும் நெல்லைக் குவித்து என்ன பயன்? வேகமாக மூச்சு விடும்போது உள்ளே வருவது அதிகமாவதைவிட, கரியமில வாயு வெளியே போவதுதான் அதிகமாகிறது. அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். கபாலபாதியின் முடிவில் நமக்கு ஏற்பட்ட தெய்விக அனுபவம் இதுதான் என்று தெரிந்தபோது, சிறிது வருத்தமாகவே இருந்தது. மெதுவாக மூச்சு விடுவதன் சங்கதி வேறு. வெளிமூச்சு நீளும்போது இருதயத் துடிப்பு நிதானப்படுவதை யாரும் தம் கை நாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம், நாமும் பார்த்தோம்.

முறுக்கிப் பிழிகிற விஷயத்தை இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். இடுப்பு முதுகெலும்பு ஐந்தும் முறுக்குவதற்காக ஏற்பட்டவை அல்ல. ஒன்றின்மேல் ஒன்று ஒன்றிரண்டு பாகைக்குமேல் திரும்பாது. திரும்புவதெல்லாம் பெரும்பாலும் மார்பும் கழுத்தும். விலா எலும்புகளின் மறைவில் ஒன்றரைக் கிலோ கனத்தோடு உட்கார்ந்திருக்கும் கல்லீரல் துணியல்ல. அதன் வழியாக நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் இரத்தம் நாம் முறுக்கினாலும் முறுக்காவிட்டாலும் ஓடிச் சுத்தமாகிறது. சிறுநீரகங்கள் தினம் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டர் தவிர மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அவை நம்மிடம் உதவி கேட்டதாகத் தெரியவில்லை.

பத்மாசனந்தான் நமது சொந்த வழக்கு. ஆறு மாதமாகியும் நமக்கு அது வரவில்லை. ஆசிரியர் நமது முழங்காலைக் கையால் அமுக்கி, "பயந்தான் தடை; விடுங்கள்" என்பார். பயத்தை விட்டோம். முழங்காலின் உட்புறத்தில் ஒரு வலி வந்து, மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஞாபகப்படுத்திற்று. இதைக் கேட்டதும் மருமான் எழுந்து போய் அந்தக் கோணிப்பையை எடுத்து வந்தான்.

அதற்குள் என்ன இருக்கிறது என்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. வைத்திய மாணவர்கள் படிப்பதற்காக வைத்திருக்கும் மனித எலும்புகள்! ஸ்வாமி அறைக்கு நேர்மேலே இப்படி ஒரு மூட்டை இரண்டு நாளாக இருந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கீழே பெரிய ரகளை எழுந்தது. அதைப் பிறகு ஒருவாறு சமாதானம் செய்தோம்.

மேசைமேல் இரண்டு வலது தொடை எலும்புகளை வைத்தான். ஒன்று அவனுடையது, மற்றொன்று அவன் தோழனுடையது; அதாவது, அவர்களுடைய படிப்புக்கு வந்தவை. எலும்பின் மேல் நுனியில் எலுமிச்சை அளவில் ஒரு பந்து. பந்தையும் தண்டையும் சேர்க்கும் குட்டையான கழுத்து. முழங்கால் நுனி மேசையில் படியும்படி இரண்டையும் கிடத்தினான். ஒன்றின் கழுத்து ஏறக்குறைய மேசையோடு மேசையாகப் படுத்திருந்தது. மற்றொன்றினுடையது, கூப்பிட்ட குரலுக்குத் தலை தூக்கின மாதிரி, மேலே எழும்பி நின்றது.

"இந்தக் கோணம் சராசரி 15 பாகை, மாமா. சிலருக்குப் பூஜ்யத்துக்குக் கிட்ட இருக்கும். சிலருக்கு 30-ஐத் தொடும். கழுத்து அதிகம் முன்னே திரும்பியவருக்குத் தொடை உட்புறம் நன்றாகத் திரும்பும், வெளிப்புறம் திரும்பாது. பத்மாசனத்துக்கு வேண்டியது வெளிப்புறம் திரும்புகிற தொடை. இடுப்பு மூட்டு எலும்பில் எலும்பு இடித்து நின்ற பிறகு, நீங்கள் பாதத்தைப் பிடித்து இழுத்தால், மீதித் திருகலை முழங்கால் தாங்க வேண்டியிருக்கிறது. முழங்கால் கதவுக் கீல் மாதிரி. கீலைத் திருகினால் என்ன ஆகும்? உள்ளே பிறைச் சந்திர வடிவமாக இரண்டு குருத்தெலும்புகள் இருக்கின்றன. உட்புறத்துப் பிறைதான் முதலில் கிழியும்."

இரண்டாவது எலும்பைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு உரியவர் எவரோ, எந்த ஊரோ. அவரையும் யாராவது ஒருவர், "பயந்தான் தடை" என்று சொல்லி அமுக்கியிருப்பாரோ என்று தோன்றிற்று. பத்மாசனம் வராதது நமது சோம்பலோ பூர்வஜன்ம பாபமோ அல்ல, கருவிலே திருவாக அமைந்த எலும்பு என்று அறிந்ததில் நமக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சமல்ல.

ஆயினும் மனத்தில் ஒரு முள் இருந்தது. "நம் முன்னோர்கள் பொய்யா சொல்லிவிட்டுப் போனார்கள்?" என்று கேட்டோம். மருமானுக்கு அதற்கு விடை தெரியவில்லை. அவன் படிப்பில் அது இல்லை. ஆகவே நாமே புஸ்தகங்களைப் புரட்டலானோம்.

ஹடயோக பிரதீபிகையில் கழுத்தைப் பூட்டும் ஜாலந்தர பந்தம் இருக்கிறது. மேலிருந்து சொட்டும் அமிர்தத்தை நிறுத்தி வைப்பது என்று அதற்குப் பலன் சொல்லியிருக்கிறதே தவிர, தைராய்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது, இருக்கவும் முடியாது. சுரப்பி, ரசம், பிராண வாயு என்ற பாஷையெல்லாம் இருபதாம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. முன்னோர் சொல்லாததை அவர்கள் தலையில் ஏற்றி, நாம்தான் அவர்களைப் பொய்யர்களாக்குகிறோம்.

சோதித்துப் பார்க்கும் குணமும் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1855-ஆம் வருஷத்தை ஒட்டி, இளம் துறவியாக இருந்த தயானந்த ஸரஸ்வதி கங்கைக் கரையில் திரிந்துகொண்டிருந்தார். அவர் கையில் யோக நூல்கள் சில இருந்தன. உடம்பிலுள்ள சக்கரங்களையும் நாடிகளையும் பற்றி அவற்றில் எழுதியிருந்தது வாஸ்தவந்தானா என்று அவருக்கு வெகு நாளாகச் சந்தேகம். ஆற்றில் ஒரு பிரேதம் மிதந்து வந்தது. தண்ணீரில் குதித்து அதைக் கரைக்கு இழுத்து வந்து, கத்தியால் அறுத்து, புஸ்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். எழுதியிருந்தபடி ஒன்றும் இல்லை. நூல்களைக் கிழித்துப் பிரேதத்தோடு ஆற்றில் விட்டுவிட்டார். பிற்காலத்தில் ஆரிய ஸமாஜத்தை ஸ்தாபித்த அவரை வேதத்தில் பக்தியற்றவர் என்று யார் சொல்லக்கூடும்?

லோனாவ்லாவில் 1924-இல் கைவல்யதாமத்தை நிறுவிய ஸ்வாமி குவலயானந்தரும் அந்த ஜாதிதான். நௌளி செய்யும்போது குடலுக்குள் அழுத்தம் குறைந்து, வெளி நீரை உறிஞ்சும் என்பது பழைய கொள்கை. அவர் அதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. கருவி வைத்து அளந்தார். அழுத்தம் குறைவது நிஜம் என்று கண்டு, அதற்குத் தம் குரு மாதவதாஸரின் பெயரையே வைத்தார்.

மற்றொரு பக்கமும் உண்டு. இருதயத்தை நிறுத்துவதாகச் சொல்லும் யோகிகளைத் தேடி 1957-இல் வெங்கர், பாக்சி, தில்லி ஆனந்த் ஆகிய மூன்று விஞ்ஞானிகள் இந்தியா முழுவதும் சுற்றினார்கள். 1961-இல் வெளியான அவர்கள் முடிவு இது: மூச்சை அடக்கி மார்பை இறுக்கும்போது இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, நாடி மங்கி, ஓசையும் கேளாமற் போகிறது, மின்கருவியின் ஊசி மட்டும் துடிப்பு நடப்பதைக் காட்டிக்கொண்டே இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் நாம் கொஞ்சமும் மதிக்காத ஓர் ஆசனத்துக்குத்தான் நல்ல சாட்சி அகப்பட்டது. பம்பாய் டாக்டர் தாத்தேயும் அவருடைய சகாக்களும் இரத்தக் கொதிப்பு உள்ள 47 பேருக்குச் சவாசனம் பழக்கி, 1969-இல் பலனை வெளியிட்டார்கள். பலருக்கு அழுத்தம் இறங்கிற்று; மருந்து சாப்பிட்டு வந்த பலருக்கு மருந்தின் அளவையே குறைக்க முடிந்தது. குறைத்தவர்கள் டாக்டர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்! வகுப்பில் அந்த ஆசனம் வரும்போது நாம் கண்ணைத் திறந்து, மணி எத்தனை என்று பார்ப்பது வழக்கம்.

ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். எலுமிச்சம் பழத்தையும் மறைக்கவில்லை. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "எனக்கு என் குரு சொன்னதைத்தான் சொன்னேன்" என்றார் கடைசியில். மறுநாள் காலை வகுப்பு ஆரம்பிக்குமுன் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக அருகில் வந்து, யார் யார் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். சொட்டு மருந்துப் பெரியவரின் பக்கத்தில் சற்று அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் சிரசாசனம் செய்து நாம் பார்க்கவில்லை.

அக்காவுக்குக் குரல் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. ஆடி மாதம் வாசலில் கோலம் வந்துவிட்டது. மடத்துக்கு இப்போதும் வருகிறாள். ஸர்வாங்காசனத்தின்போது எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் காப்பி குடிக்க வேண்டும் என்பது டாக்டர் அம்மாளின் கட்டளை. டிகாஷன் வாசனை வீடு முழுவதும் பரவியிருக்க, டம்ளரைத் தொடாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு முன்னால் எந்த ஆசனமும் நிற்காது என்கிறாள் அக்கா.